பொழுது சாய்வதற்குள் எழுந்து போனேன்

செஞ்சியிலிருந்து மேற்கே போகும் சாலையை ஒட்டிய தாழ்வான நிலத்தில் ஒரு பலகை நிற்கிறது. 'விமானப் பயிற்சி ஓடுதளம் அமையவுள்ள இடம்' என்று பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் 'ஆலோசகர் ஏர் வைஸ் மார்ஷல் (ஓய்வு) அவர்களின் ஒப்புதலுடன்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஓய்வு பெற்ற மனிதன் நான்தான். அந்த ஒப்புதல் என்னுடையது இல்லை. இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை பொறுமையாகப் படிக்கிறவர்கள் மேல் எனக்கு முன்பிருந்த நம்பிக்கை இப்போது இல்லை.

விமானப்படையில் எனக்குப் பின்னால் வந்த அதிகாரிகள் சிலர் தங்கள் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். 'சீருடையிலிருந்து அரசியல் ஆலோசனைக்கு' என்று தலைப்பையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள். படிக்கிறவர்களுக்கு ஊக்கம் தர வேண்டுமாம். தலைப்பை மாற்றிவிட்டேன். ஊக்கத்துக்கு நான் பொறுப்பில்லை.

நான் மேல்சித்தாமூர்க்காரன். நைனா செஞ்சியில் நெல் மண்டி வைத்திருந்தார். சமணக் குடும்பம் என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு யார் வீட்டு விருந்தானாலும் கை நனைக்க மாட்டோம். நான் விமானப்படைக்குப் போகிறேன் என்றதும் மண்டிக்கு வந்த ஒருவர், "எறும்ப மிதிக்காம நடக்கற ஊட்டுப் புள்ள, குண்டு போடப் போவுதா?" என்று கேட்டுச் சிரித்தார். நைனா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாமான் ஏத்தற பிளேன்தான் ஓட்டப் போறான். நம்ம மண்டி வேலதான், கொஞ்சம் ஒசரத்துல" என்றார்.

அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பயிற்சிக் காலத்தில் எல்லாரையும் போல ஓடினேன், திட்டு வாங்கினேன், வாந்தி எடுத்தேன், ஒரு நாள் தனியாகப் பறந்தேன். பிறகு பல வருடங்கள் மலை உச்சி முகாம்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோய்ப் போட்டேன். போன இடத்திலெல்லாம் மெஸ் சமையல்காரர்கள் என் சாப்பாட்டை மாலை ஐந்தரைக்கே எடுத்து வைக்கப் பழகிக்கொண்டார்கள். கிடைக்காத நாளில் பட்டினி கிடந்தேன். அதில் வீரம் ஒன்றுமில்லை, வெறும் பழக்கம்.

என்னை ஆளாக்கியது ஒரு விசாரணை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் அப்போது ஃப்ளைட் லெப்டினன்ட், சின்ன அதிகாரி. வடக்கே ஒரு விமானத் தளத்தில் பனி மூடிய காலை ஒன்றில், தரையிறங்க வந்த விமானம் ஓடுதளத்துக்கு முன்னாலிருந்த மண்மேட்டில் மோதிவிட்டது. விமானி இறந்துவிட்டார். என்னைவிட இரண்டு வயது பெரியவர், நன்றாக ஓட்டுவார். விசாரிக்க மூன்று பேரை நியமித்தார்கள். தலைவர் குரூப் கேப்டன் தத்தா. இரண்டாவது ஆள் ஒரு பொறியியல் அதிகாரி. மூன்றாவது, எல்லாரிலும் இளையவன், நான்.

தத்தா அறைக்குள் வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி முகம் தெரியாமல் கவிழ்த்து வைப்பார். இரண்டு பென்சில்களைச் சீவிப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார். முடிவு சொல்லும் நாளில் இளையவன்தான் முதலில் பேச வேண்டும், தலைவர் கடைசியில் பேசுவார். இது படையில் பழைய வழக்கம். பெரியவர் முதலில் வாயைத் திறந்துவிட்டால் சின்னவன் அதற்குத் தலையாட்டிவிடுவான் என்பதற்காக வைத்தது. தத்தா அதற்கு மேலும் ஒரு படி போனார். நான் பேசும்போது நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "என் முகத்தைப் படித்துப் படித்துப் பேசினால் நீ என் கருத்தைத்தான் சொல்வாய். அது எனக்கே தெரியுமே" என்றார்.

'விமானியின் தவறு' என்று எழுதிவிட்டால் எல்லாருக்கும் வசதி. செத்தவர் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. ஆனால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பதிவேட்டில் ஓர் எண் திருத்தி எழுதப்பட்டிருந்தது. விமானத்தில் உயரம் காட்டும் கருவி காற்றழுத்தத்தை வைத்து வேலை செய்கிறது. இறங்குமுன் அந்த நேரத்து அழுத்தத்தைக் கோபுரம் சொல்லும், விமானி அதைக் கருவியில் வைத்துக்கொள்வார். அன்றைக்குக் கோபுரத்தில் இருந்தவர் விடிகாலையில் வந்த பழைய எண்ணைச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அழுத்தம் இறங்கிவிட்டது. ஊசி காட்டிய உயரத்துக்கும் விமானம் இருந்த உயரத்துக்கும் நடுவே ஒரு தென்னைமர அளவு வித்தியாசம், விமானம்தான் கீழே. பனியில் மண்மேடு கண்ணுக்குத் தெரியவில்லை. விபத்துக்குப் பிறகு யாரோ பதிவேட்டைத் திருத்தியிருக்கிறார்கள்.

கோபுரத்தில் இருந்தவர் தளத் தலைவருக்கு வேண்டியவர். விசாரணை நடந்துகொண்டிருந்தபோது தளத் தலைவர் ஒருநாள் என் தோளில் கைபோட்டு, "உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது" என்றார். அப்படிப்பட்ட அன்பு எதற்கு வருகிறது என்று தெரியாத அளவுக்கு நான் பச்சைப்பிள்ளை இல்லை.

முடிவு சொல்லும் நாளில் மதியம் உட்கார்ந்தோம். நான்தான் முதலில் பேசினேன். "விமானியின் தவறு இல்லை. கோபுரத்தின் தவறு. பதிவேட்டைத் திருத்தியிருக்கிறார்கள்" என்றேன். பொறியியல் அதிகாரி அப்படி அடித்துச் சொல்ல முடியாது என்று ஒவ்வொரு தாளாக எடுத்து வாதாடினார். ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகி, பிறகு இல்லாமலும் போனது. ஒருவழியாக தத்தா நாற்காலியைத் திருப்பினார். தன் கையாலேயே அறிக்கையை எழுதினார். நான் சொன்னதைத்தான் எழுதினார், ஆனால் நான் சொன்னதாக எங்கும் எழுதவில்லை. 'தலைவரின் முடிவு' என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

"இந்த அறையில் யார் என்ன பேசினார்கள் என்பது இந்த அறையோடு சரி. வெளியே போவது என் பெயர் மட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன் சூரியன் போய்விட்டதே. சாப்பிட்டாயா?" என்று கேட்டார்.

"நாளைக்குச் சாப்பிட்டுக்கொள்கிறேன் சார்" என்றேன்.

தத்தாவுக்கு அதற்குப் பிறகு பதவி உயர்வு வரவேயில்லை. அதே குரூப் கேப்டனாக ஓய்வு பெற்றார். நான் படிப்படியாக ஏறி ஏர் வைஸ் மார்ஷல் ஆனேன். பெரியவர் கடைசியில் பேசுவது எதற்காக என்பதை அவர் எனக்குக் காட்டியிருந்தார். சின்னவன் சொன்னதற்கு வரும் அடி கடைசியில் பேசுகிறவர் முதுகில் விழ வேண்டும். அது எனக்கு மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்றதும் நானும் என் மனைவி பத்மாவும் செஞ்சியில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். டீக்கடையில் என்னை 'பிளேன் சார்' என்பார்கள். அப்போதுதான் ஓர் அமைச்சர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. விமானத் துறை சம்பந்தமான திட்டங்களுக்கு ஆலோசகர் வேண்டுமாம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கார் வந்தது, மாலை வந்தது, படம் பிடித்தார்கள். ஆலோசகர் என்றால் ஆலோசனை சொல்பவர் என்று நம்பி அந்தக் காரில் ஏறினேன்.

எட்டு மாதம் அந்த வேலையில் இருந்தேன். நான் எழுதி அனுப்பிய ஒவ்வொரு குறிப்பும் ஓரத்தில் 'பேசவும்' என்ற ஒரே சொல்லோடு திரும்பி வந்தது. போய்ப் பேசினால் இனிக்க இனிக்கக் கேட்டுக்கொள்வார்கள். பேசியதற்கு எழுத்தில் ஒரு வரி மிஞ்சாது. விமானப்படையில் கையெழுத்துப் போடாமல் ஒரு ஆணியைக்கூட மாற்ற முடியாது. இங்கே யாருடைய கையெழுத்தும் இல்லாமல் ஓர் ஏரியையே மாற்றுகிறார்கள்.

ஏரி என்று சொன்னது சும்மா இல்லை. அவர்கள் ஓடுதளத்துக்குத் தேர்ந்தெடுத்தது ஓர் ஏரியின் உள்வாய், தண்ணீர் நிற்கும் இடம். எந்த ஏரி என்று செஞ்சிக்காரர்களுக்குத் தெரியும். வைகாசி வெயிலில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். கருவேல மரங்களை வெட்டிவிட்டால் சமதரை, கிரிக்கெட் மைதானம் மாதிரி கிடந்தது. ஒரு முனையில் பாறைக் குன்று. மழைக்காலத்தில் ஆயிரக்கணக்கில் கொக்கும் நாரையும் இறங்கும் இடம் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பயிற்சி விமானத்துக்குப் பறவையைவிடப் பெரிய எதிரி இல்லை. இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆலோசனைக் கூட்டம் செஞ்சியிலேயே ஒரு பயணியர் மாளிகையில் மாலை நான்கரைக்குத் தொடங்கியது. அமைச்சர், அவருடைய செயலாளர், கலர் கலராக வரைபடம் கொண்டுவந்த திட்ட ஆலோசனை நிறுவனத்துக்காரர், பாசனப் பிரிவின் மேலதிகாரி, அவருக்குக் கீழே உதவிப் பொறியாளராக இருந்த சங்கீதா, நான். சங்கீதா தொண்டூர்ப் பெண். விவசாயக் குடும்பம், செஞ்சியில் குடியிருந்தார். அந்த ஏரி அவர் பொறுப்பில் இருந்தது.

அமைச்சர் பேச வாயெடுத்தார். நான் குறுக்கிட்டேன். "எங்க படையில ஒரு வழக்கம் இருக்குது சார். இருக்கறதுலயே இளையவங்க மொதல்ல பேசுவாங்க. பெரியவங்க கடைசில."

"அருமையான வழக்கமா இருக்குதே. பேசச் சொல்லுங்க" என்றார் அமைச்சர்.

சங்கீதா தன் மேலதிகாரியைப் பார்த்தார். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சங்கீதா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"சார், இது ஏரி உள்வாய். மேப்புல தரிசுன்னு போட்டிருக்குது, அது தப்பு" என்று ஆரம்பித்தார். "நல்ல மழ பேஞ்சா இடுப்பு வரைக்கும் தண்ணி நிக்கும். ஏரி ரொம்பி கோடி வழியா போனா அந்தாண்ட இருக்கற மூணு ஊருக்கு அதான் பாசனம். ஏரிக்குத் தண்ணி வர்ற வரத்து வாய்க்கால மூடிட்டு ஓடுதளம் போட்டீங்கன்னா தண்ணி ஊருக்குள்ளதான் போவும் சார். பதிவு எல்லாம் எங்க ஆபீஸ்ல இருக்குது, எடுத்தாந்திருக்கேன்."

"தைரியமா பேசறியேம்மா, ரொம்ப சந்தோஷம். பேரு இன்னா? எந்த ஊரு?" என்று அமைச்சர் கேட்டார். செயலாளர் எழுதிக்கொண்டார். அதைப் பாராட்டு என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

நிறுவனத்துக்காரர் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடலாம் என்றார். மேலதிகாரி செல்போனிலிருந்து நிமிர்ந்து, "பண்ணலாம் சார், பண்ண முடியும்" என்றார். செயலாளர் ஆமோதித்தார். இனி மிச்சம் நானும் அமைச்சரும். என் கை சட்டைப்பைக்குப் போனது.

அப்போது அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடடா, மணி அஞ்சே முக்கால் ஆயிட்டுது. சாருக்குப் பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணுமே. நம்மால அவரு விரதம் கெடக் கூடாது. சார், நீங்க வீட்டுக்குப் போயி சாப்ட்டு வந்துடுங்க. நாங்க டீ குடிச்சுட்டு இருக்கோம். உங்க கருத்துதான் முக்கியம், வந்து சொல்லுங்க."

எவ்வளவு மரியாதை. என் வழக்கத்தை இவ்வளவு பெரிய மனிதர் நினைவில் வைத்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன். எழுந்து போனேன். வீடு பத்து நிமிடத் தூரம். பத்மா இரண்டு தோசை போட்டாள். "கூட்டம் முடிஞ்சிடுச்சாங்க?" என்றாள். "நான்தான் கடைசில பேசணும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுச் சட்னி கேட்டேன்.

திரும்பிப் போனபோது கார்கள் இல்லை. காவலாளி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "எல்லாம் கெளம்பிட்டாங்களே சார், நீங்க போன ஒடனே" என்றார்.

மறுநாள் என் குறிப்பை அனுப்பினேன். கூட்டக் குறிப்பு முடிந்துவிட்டபடியால் சேர்க்க இயலாது என்று பதில் வந்தது. முதல் தடவையாக எனக்கு எழுத்தில் கிடைத்த பதில் அதுதான். கூட்டக் குறிப்பில் 'ஆலோசகர் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை' என்று இருந்தது. அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். யாரும் சங்கீதாவைப் பேசச் சொன்னதாக அதில் ஒரு வரி இல்லை. ஆட்சேபம் இல்லாதது பலகையில் ஏறும்போது ஒப்புதலாகிவிட்டது.

சங்கீதாவைத் தெற்கே ஒரு கோடிக்கு மாற்றிவிட்டார்கள். கூடவே ஒரு மெமோ. மேலதிகாரியின் அனுமதி இல்லாமல் அலுவலகப் பதிவுகளை வெளியில் காட்டியது, கேட்காமலேயே கருத்துச் சொன்னது. நிரூபணமானால் வேலையே போகலாம். நான் அமைச்சரிடம் ஓடினேன். "அது டிபார்ட்மெண்ட் விஷயம் சார், நான் தலையிட்டா தப்பாயிடும்" என்று சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார். காபியைக் குடிக்காமல் ராஜினாமாவை மேசைமேல் வைத்தேன். "எதுக்கு சார் டென்ஷன்" என்றார். அந்த ராஜினாமாவிலும் யாரோ 'பேசவும்' என்று எழுதினார்களாம்.

சங்கீதா விடுமுறையில் தொண்டூர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். களத்தில் காய்ந்த உளுந்தை வாரிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய ஆறு வயதுப் பெண் பிள்ளை. அதற்கு மாற்றலான ஊரில் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை என்று இங்கே தாய்வீட்டில் விட்டிருக்கிறார். நான் கூட்டத்தில் இருந்தவர்களைத் திட்டினேன். அமைச்சரை, செயலாளரை, மேலதிகாரியை, வரைபடக்காரரை, ஒருவர் விடாமல். சங்கீதா முறத்தைக் கீழே வைத்தார்.

"அவுங்க அப்பிடித்தான்னு எனக்குத் தெரியும் சார். எட்டு வருசமா வேல பாக்கறேன். எங்க மேலதிகாரி முன்னாடி நான் வாயே தொறக்க மாட்டேன். நீங்க தல ஆட்டுனீங்க, அதனால பேசுனேன்."

"தெரியும்மா."

"கடைசில பெரியவங்க பேசுவாங்கன்னு சொன்னீங்க. நீங்க சாப்பிட எழுந்து போயிட்டீங்க. நான் கதவையே பாத்துட்டு இருந்தேன் சார்."

முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஒருவனுக்குச் செருப்படி இப்படித்தான் விழும் போலிருக்கிறது. முப்பது வயதில் பட்டினியோடு உட்கார்ந்திருக்கத் தெரிந்தவனுக்கு இந்த வயதில் இரண்டு தோசைக்காக எழுந்து போகத் தெரிந்திருக்கிறது. அமைச்சர் என்னை அறையை விட்டுத் தள்ளவில்லை. கதவைத் திறந்துவிட்டார், நானே நடந்து போனேன். இந்தக் கட்டுரையில் நான் யார்மேல் எரிந்து விழுந்தாலும் அதில் பாதியை என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெமோ மேல் விசாரணை ஐப்பசியில் விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் நடந்தது. சாட்சி சொல்ல என்னை அழைக்கவில்லை. சங்கீதா கேட்டு, நானும் மூன்று கடிதம் எழுதி, கடைசியில் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார்கள். அன்று காலை ஓடுதளம் வரப்போகும் இடத்துக்குப் போனேன். நான்கு நாள் மழை. பலகையின் கால்கள் இரண்டும் தண்ணீருக்குள் நின்றன, என் பதவிப் பெயருக்குக் கீழே ஒரு கொக்கு. படம் எடுத்துக்கொண்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள். உள்ளே யார் யாரையோ கூப்பிட்டார்கள். சங்கீதாவின் மேலதிகாரி என்னைக் கடந்து போனார், செல்போனைப் பார்த்துக்கொண்டே. மணி நான்கானது, ஐந்தானது. ஐந்தரைக்கு ஓர் எழுத்தர் வந்து பணிவாகக் குனிந்தார்.

"சார், உங்களுக்குச் சாப்பாட்டு நேரம்னு சொன்னாங்க. இங்க இன்னும் லேட்டாவும். நீங்க போயிட்டு இன்னொரு நாளு வாங்களேன்."

"யாரு சொன்னாங்க?" என்றேன்.

அவர் பல்லைக் காட்டினார். ஒரே பொறியில் இரண்டு தடவை விழுகிற எலி என்று என்னை முடிவு கட்டியிருக்கிறார்கள். "நான் எங்கயும் போவல. போய்ச் சொல்லுங்க" என்றேன். பெஞ்சில் நகர்ந்து நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.

ஜன்னலில் வெளிச்சம் போய் விளக்குப் போட்ட பிறகு கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி களைத்துப்போயிருந்தார். பலகைப் படத்தை ஒரு பார்வை பார்த்து, "இது இந்த மெமோவுக்குச் சம்பந்தம் இல்ல சார்" என்று ஓரமாகத் தள்ளினார்.

"சரி, சம்பந்தம் இருக்கறத எழுதிக்கோங்க" என்றேன். "அவங்களா பேசல. பேசச் சொன்னவன் நான். பதிவு காட்டுனது தப்புன்னா அதுவும் என் தப்பு. அவங்க சொன்னது ஒவ்வொண்ணும் என் கருத்து. ஏரியில ஓடுதளம் கூடாது. ஆலோசகரோட முடிவுன்னு போட்டு, என் பேர்ல எழுதுங்க."

பேனா நின்றது. "சார், இத எழுதுனா உங்களுக்கும் தொந்தரவு வரும். பென்ஷன் வாங்கறவரு நீங்க."

"எழுதிட்டு ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க. கையெழுத்துப் போடணும்."

படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் மென்மையாக்கியிருந்தார், அடித்துத் திருத்தச் சொன்னேன். பெயரும் பழைய பதவியும் படை எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் போட்டேன். முடிவு இதை எழுதும்வரை வரவில்லை. பலகையும் எடுக்கப்படவில்லை. ஆண்டு மலருக்கு இது ஒத்துவராது என்று நண்பர்கள் நினைத்தால் திருப்பி அனுப்பட்டும், ஓரத்தில் 'பேசவும்' என்று மட்டும் எழுத வேண்டாம்.

வெளியே வந்தபோது சங்கீதா தாழ்வாரத்தில் நின்றிருந்தார். கதவு மெல்லியது, உள்ளே பேசியது கேட்டிருக்கும். கைப்பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

"சாப்டீங்களா சார்? இட்லி இருக்குது."

"பொழுது போயிடுச்சும்மா" என்றேன். "நாளைக்கி சாப்ட்டுக்கறேன்."